குறைத்து வைத்த தட்டு

1

இந்தக் கதை முதலில் ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நானே சொன்னேன்: பெயிண்டர் அப்பாவைப் பதினொரு தட்டு விருந்துக்குக் கூட்டிப்போனால் அவர் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறார் என்று. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இதை எழுதேன்டி, நல்லா வரும்" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. சிரிப்பு வரும் இடத்தோடு நிறுத்தியிருந்தேன். மீதியைச் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்தால் மீதிதான் கதையாக இருக்கிறது.

"அவள்" என்றே எழுதப்போகிறேன். "நான்" என்று எழுதினால் நடுவில் அழுதுவைப்பேன். அழுதால் நீங்கள் என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள். வர வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: வெள்ளை மேசைவிரிப்பின் மேல் மதிய வெயில் ஒரு—

[நிறுத்திவிட்டேன். மேசையில் விரிப்பே கிடையாது. வெறும் மரம். வசதியானவர்கள் சாப்பிடும் இடத்தில் இப்போது விரிப்புப் போடுவதில்லை என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.]

இரண்டாம் தொடக்கம்: உழைப்பின் ரேகைகள் ஓடிய அந்தக் கரங்கள்—

[சீ. அது கரமில்லை, கை. பெயிண்ட் கறை போகத் தின்னர் போட்டுத் துடைத்துத் துடைத்துத் தோல் வெளுத்த கை. ஓடுவதற்கு அதில் ரேகை ஏது?]

சரி, நடந்ததை நடந்தபடி. அப்பாவுக்கு அன்று அறுபது முடிந்தது.* குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி, முதன்முதலாக ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் அவள். அந்த உணவகத்தில் இரண்டு மாதம் முன்பே மேசை பிடித்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. முப்பத்தைந்து வருடம் பெரிய வீடுகளுக்குள் பின்வாசல் வழியாக ஏணியோடு நுழைந்த மனிதர், ஒரே ஒரு நாள் முன்வாசல் வழியாகப் போய் உட்கார்ந்து, இன்னொருவர் பரிமாற, சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு பாப்பா" என்று சொல்ல வேண்டும். அதற்காக அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை. பதினொரு தட்டையும் முழுசாக அனுபவிக்க வேண்டுமில்லையா?

*(பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதி. அப்பா அதை ஒருநாளும் கொண்டாடியதில்லை. "அது வாத்தியார் பெத்த புள்ளையோட பொறந்தநாள்" என்பார்.)

3

முதல் தட்டு வந்தது. அப்பா எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, அந்த மூலையப் பாரு. பட்டி காயறதுக்குள்ள பெயிண்ட அடிச்சிருக்கான். ஆறு மாசத்துல உப்பிக்கிட்டு வரும்."

"ப்பா, சாப்பாட்டப் பாருங்க."

"எங்க?"

கிண்டல் இல்லை, உண்மையாகவே தேடினார். பெரிய தட்டின் நடுவில் நகம் அளவுக்கு ஒரு காளான் துண்டு இருந்தது.

[இதுவரைதான் அலுவலகத்தில் சொன்னது.]

இரண்டாவதில் ஒரு வாய் சூப். மூன்றாவதைக் கண்ணாடிக் கவிழ்ப்புக்குள் புகையோடு கொண்டுவந்தார்கள். நான்காவதில் அப்பா பாதியிலேயே கரண்டியை வைத்துவிட்டார். பரிமாறுகிறவர் குனிந்து கேட்டார்: "பிடிக்கலையா சார்? வேற ஏதாவது கொண்டுவரட்டுமா?"

அப்பா பதறிப்போய் எழுந்தே விட்டார். "ஐயோ, அதெல்லாம் இல்லிங்க சார். இப்பதான் சாப்பிட்டேன்."

4

அந்த இரண்டு சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கதை நின்றால் நிற்கட்டும்.

வேலை பார்க்கும் வீட்டில் யார் எதைக் கொடுத்தாலும் அப்பா சொல்லும் பதில் அது. அவளுக்குப் பத்து வயது. விடுமுறை என்று கூடவே போயிருந்தாள். காலையில் அம்மாவிடம் அடம்பிடித்து, அப்பாவுக்குத் தெரியாமல், சாப்பிடாமலே கிளம்பியவள். அந்த வீட்டம்மா ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து நீட்டினார். ஏணி மேலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "வேணாம்மா, பாப்பா இப்பதான் சாப்பிட்டா." கேக் திரும்பிப் போனது. தட்டு சமையலறைக்குள் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அது பயந்தவன் சொல்லும் பொய். பசியை விழுங்கிவிட்டுப் பல்லைக் காட்டுவது.

அதனால்தான் சொன்னாள்— [இந்த வரியை எட்டு முறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மென்மையானது. உண்மையில் அவள் சொன்னது இது:]

"இது நீங்க பெயிண்ட் அடிக்கப் போற வீடு இல்லப்பா. உக்காருங்க. ஒரு இடத்துல வந்து மனுஷங்க மாதிரி சாப்பிடக்கூடவா தெரியாது?"

பரிமாறுகிறவர் அங்கேயேதான் நின்றார்.

அப்பா உட்கார்ந்தார். மீதிப் பாதியைச் சாப்பிட்டார். "கை கழுவிட்டு வந்துடறேன் பாப்பா" என்று எழுந்துபோனார். வந்தபோது முகத்தில் தண்ணீர் இருந்தது.

5

ஐந்தாவது தட்டு. அவளுடையதில் மூன்று மீன் துண்டுகள். அப்பாவுடையதில் ஒன்று.

அவள் பார்த்தாள். இந்த மாதிரி விஷயத்தைப் பார்க்க அவள் கண்ணுக்குப் பழக்கம் அதிகம். கல்லூரியில் யாருக்குக் கடைசி வரிசை, நேர்முகத் தேர்வில் யாரிடம் கைகுலுக்கவில்லை, எல்லாம் அந்தக் கண் எண்ணி வைத்திருக்கிறது.

"என்னங்க இது? அவருக்கு மட்டும் ஏன் கொறச்சல்?"

பரிமாறுகிறவர் வாயைத் திறந்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அதையும் அவள் பார்த்தாள். அடிமைப் புத்தி என்று எடுத்துக்கொண்டாள்.

"சட்டையப் பாத்து அளந்து வைப்பீங்களா? நாங்களும் மத்தவங்க மாதிரிதான் மேசை பிடிச்சு வந்திருக்கோம். முழுசா கொண்டுவாங்க."

பக்கத்து மேசைகள் திரும்பின. சமையல் தலைவரே வெளியே வந்து மன்னிப்புக் கேட்டார். முழுத்தட்டு வந்தது. அடுத்த ஆறும் முழுசாகவே வந்தன. அப்பா ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. எட்டாவதில் நெற்றி வியர்த்தது. பத்தாவதில் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டார். பதினொன்றாவதை முடித்துவிட்டு, அவள் கேட்காமலே சொன்னார்: "நல்லா இருந்துச்சு பாப்பா."

ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

6

[கதாபாத்திரத்தில் சந்தேகம்: முதல் மூன்று வரைவுகளில் பரிமாறுகிறவருக்கு ஓர் ஏளனச் சிரிப்பு வைத்திருந்தேன். உதட்டோரம், கண்ணோரம் என்று இடம் மாற்றி மாற்றி. எங்கே வைத்தாலும் ஒட்டவில்லை. அந்த ஆள் சிரிக்கவே இல்லை. அவருக்கே நாற்பத்தைந்து வயதிருக்கும். காலணிக்குள் குதிகாலை மாற்றி மாற்றி வைத்து நின்றார். அவரை வில்லனாக்கினால் கதை சுளுவாக முடிந்துவிடும். அதற்குத்தான் ஆசைப்பட்டேன்.]

7

சாயங்காலம் வீட்டில் அப்பா குப்புறவும் முடியாமல் மல்லாக்கவும் முடியாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அம்மா வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஒழுங்கா சாப்பிடவே மாட்டேன்னுட்டார்மா. நான் சத்தம் போட்டப்புறந்தான்…"

"எப்படிடி சாப்பிடுவார்? கெளம்பறதுக்கு முன்னாடி, நீ குளிக்கப் போன நேரத்துல, எட்டு ரொட்டி, ரெண்டு முட்டை சாப்பிட்டுல்ல போனார்."

"ஏன்?"

"என்ன ஏன்? உங்கப்பா என்னிக்குப் பசியோட இன்னொருத்தர் எடத்துக்குப் போயிருக்கார்? பெரிய எடம், பசில பறந்து தின்னா பாப்பாவுக்குக் கேவலமாயிடும்னார்." அம்மாவுக்கே சிரிப்பு வந்தது. "கை கழுவற எடத்துல அந்த சர்வர் வந்து என்ன சார்னு கேட்டாராம். வீட்ல சாப்பிட்டுட்டேன், பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்கன்னாராம். கொறச்சு வெக்கச் சொல்றேன் சார்னாராம் அவர். யார் பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

இப்பதான் சாப்பிட்டேன். அன்றைக்கு அந்த மேசையில் பேசியதில் அது ஒன்றுதான் பொய்யில்லை. கேக் வீட்டிலும் அது பொய்யில்லை, அவரைப் பொறுத்தவரை. மகள் வயிறு நிறைத்துத்தான் வந்திருப்பாள் என்று நம்பியிருக்கிறார். கல்லூரியில் தோழி வீட்டு விருந்துக்குப் போகும்போதெல்லாம் அவளும் விடுதியில் சாப்பிட்டுவிட்டே போனவள்தான். அந்தப் பழக்கம் எப்போது விட்டுப்போனது என்று யோசித்தாள். வெறும் வயிற்றோடு நாலு பேர் முன்னால் போய் உட்காரும் துணிச்சல் எந்த மாதம் வந்தது? தெரியவில்லை. சம்பளத்தோடு வந்திருக்கலாம்.

8

முடிவுகள்.

அ. திரும்பும் பேருந்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துபோய், அவர் கையைப் பிடித்து— [புரியவில்லை. பேருந்தில் அவள் போனில் படங்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.]

ஆ. வெந்நீர் டம்ளரை அவளே கொண்டுபோய்க் கொடுத்து, "தப்புப் பண்ணிட்டேன்ப்பா" என்று— [கொண்டுபோனாள். டம்ளரைக் கொடுத்தாள். "சூடா இருக்கு, பாத்து" என்றாள்.]

இ. ஏழு மாதம் கழித்து அவள் ஒரு கதை எழுதுகிறாள், அப்பா அதைப் படித்து— [அப்பா கதை படிக்க மாட்டார். தெரிந்துதான் எழுதுகிறேன். அதுதான் இதில் இருக்கிற அயோக்கியத்தனம்.]

அவரிடம் சொல்ல ஐந்து வாக்கியம் எழுதிப் பார்த்தேன். ஐந்திலும் நான் நல்ல பெண்ணாக இருக்கிறேன். இப்போது முன்னறையில் அப்பா யாரோ ஒரு சொந்தக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "பதினொரு தட்டுங்க! எம்பொண்ணு எனக்காகச் சண்டையே போட்டா!" பெருமையாகத்தான் சொல்கிறார். அதனால்தான் போக முடியவில்லை. நான் மன்னிப்புக் கேட்டால் அந்தப் பெருமையையும் பிடுங்க வேண்டியிருக்கும்.

இல்லை, இதுவும் சாக்குதான்.

முடிவை இங்கே எழுதினால் மன்னிப்புக் கேட்டுவிட்ட மாதிரி ஆகிவிடும், பிறகு எழுந்து போக மாட்டேன். அதனால் எழுதவில்லை. உங்களிடமும் விடப்போவதில்லை. நீங்கள் அவளைச் சுலபமாக மன்னித்துவிடுவீர்கள். அந்த ஏழு தட்டைச் சுமந்த வயிறு உங்களுடையது இல்லையே.