ஏழாவது சட்டைக் கை

ரிஃபாத் ஷார்ஜாவிலிருந்து வாங்கி வரும் உடுப்பு எதுவும் இதுவரை யாருக்கும் அளவாக இருந்ததில்லை. கடையநல்லூரில் இது ஒரு குற்றமும் இல்லை. கடல் தாண்டி வந்த சட்டையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்ன? சின்னதாகப் போனால் வீண்; பெரிதாக இருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். அதனால் எதை வாங்கினாலும் ஒரு சைஸ் கூட்டியே வாங்குவது அங்கே போகிற ஆண்களின் பழக்கம்.

இந்த முறை மனைவி சாஜிதாவுக்கு அவன் கொண்டுவந்தது, பைக் ஓட்டுகிறவர்கள் போடும் ஜாக்கெட். தோளிலும் முழங்கையிலும் அடி தாங்கும் பேடு வைத்தது. சாஜிதா ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவள். செங்கோட்டை, பண்பொழி, இலஞ்சி என்று மழையோ வெயிலோ தினமும் பைக்கில்தான் சுற்றுவாள். ஆகவே ரிஃபாத் யோசித்துத்தான் வாங்கியிருந்தான். ஆனால் அவன் வருவதற்கு முன்பே அவள் தானே ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், முரட்டுக் கேன்வாஸ் துணியில்.

அதைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னட்டி இது, லாரில போடுத தார்ப்பாயா? கம்பெனி ஜாக்கெட் வந்தாச்சுல்லா. இத எடுத்து மூலைல போடு."

சாஜிதா புது ஜாக்கெட்டைப் போட்டாள். கைக்குள்ளிருந்து விரல் நுனிதான் வெளியே வந்தது. "நல்லா இருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டுத் தன்னுடையதை ஆணியில் மாட்டினாள். ரிஃபாத்துக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ எடுத்து ஷார்ஜாவில் அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். இருவரும் ஐந்தருவிக்குக் குளிக்கக் கிளம்பினார்கள். அவள் ஓட்ட, அவன் பின்னால். பழக்கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. சாஜிதா பிரேக் பிடித்தாள். ஈரத்தில் கிடந்த ரம்புட்டான் தோலில் சக்கரம் வழுக்கி, வண்டி இடப்பக்கம் சாய்ந்து அவளை இழுத்துக்கொண்டு போனது. ரிஃபாத் சேற்றில் உட்கார்ந்ததோடு சரி.

ஜாக்கெட்டில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அந்த மட்டுக்கும் அது நல்ல சரக்குதான். ஆனால் தொளதொளவென்று இருந்த கை முழங்கைக்கு மேலே சுருண்டு ஏறிவிட்டது. முழங்கையைக் காக்க வேண்டிய பேடு திரும்பி உள்பக்கம் போய், சும்மா இருந்தது. தென்காசியில் எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு தப்பித்தது தெரிந்தது. தோல் மணிக்கட்டு வரை உரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்க வைத்துவிட்டு, கைக்குக் கீழே வைக்க மெத்தென்ற துணி ஏதாவது கிடைக்குமா என்று தையல் மெஷினுக்கு அடியில் இருந்த பையைத் தேடினான் ரிஃபாத். அதற்குள் வெறும் சட்டைக் கைகள் கிடந்தன. ஏழு. எல்லாம் இடது கை. ஒவ்வொன்றிலும் தையல் சாக்குக்கட்டியால் நம்பர் போட்டிருந்தது. முதலாவது நார் நாராகக் கிழிந்திருந்தது. மூன்றாவதில் தையல் வாய் பிளந்திருந்தது. நாலாவதில் துணி தப்பித்திருந்தது, பேடு மட்டும் இடம் மாறிக் கிடந்தது. ஏழாவதில் வெறும் கீறல்தான்.

"என்னட்டி இதெல்லாம்?"

"மணல ரொப்பி, வண்டிக்குப் பின்னால கயித்துல கட்டி ரோட்டுல இழுத்துப் பாத்தேன். கிழிஞ்சா அவுத்துட்டு வேற மாதிரி தைப்பேன். மூணு வரிசை தையல் போட்டாதான் நிக்கிது. நூல்கூட பேக் தைக்கிறவங்ககிட்ட வாங்குனதுதான்."

"பேடு?"

"அது நமக்குச் செய்ய வராது. வாங்கித்தான் வச்சேன். தைக்கத் தெரிஞ்சதத் தைச்சேன், தெரியாதத வாங்குனேன்."

ரிஃபாத் ஆணியிலிருந்து அந்தத் தார்ப்பாயை எடுத்தான். முழங்கையில் மூன்று மடிப்புத் துணி. அதற்கு மேலும் கீழும் இழுத்துக் கட்ட இரண்டு பட்டை. தையல் எறும்பு வரிசை மாதிரி போயிருந்தது. பதினொரு வருசமாகக் கட்டட வேலையில் எத்தனையோ இன்ஜினியர்களைப் பார்த்தவன் அவன். ஒரு வேலையை ஏழு தடவை உடைத்துப் பார்த்த ஆளை இன்றுதான் பார்க்கிறான். அவள் இத்தனை நாள் அவன் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"இந்தப் பட்டை எதுக்கு?"

"கை லூசா இருந்தா பேடு சுத்திக்கிடுது. நாலாவதுலதான் தெரிஞ்சுது."

அவன் குரல் இறங்கிவிட்டது. "அப்போ, நான் கொண்டாந்தது ஆகாதுன்னு உனக்குத் தெரியும்."

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தெரிஞ்சும் ஏன் போட்ட?"

"ரெண்டு வருசம் கழிச்சு வந்திருக்கீங்க. வந்தன்னைக்கே பெருசா இருக்குன்னு எப்படிச் சொல்லுதது?"

ரிஃபாத் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். மெல்லக் கேட்டான். "இதுக்கு முந்தி நான் வாங்கிட்டு வந்ததுல எதாவது உனக்கு அளவா இருந்துச்சா?"

சாஜிதா யோசித்தாள். "கடிகாரம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அதுலயும் செயின்ல ரெண்டு கண்ணி எடுத்தேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. எழுந்து மெஷின் மேலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து வந்தான்.

"நல்ல கைய நீட்டு."

"எதுக்கு மச்சான்? நீங்கதான் ஒரு சைஸ் கூட்டி வாங்குவீங்களே."

"நீட்டுட்டி."

தோளில் டேப்பின் ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள். அவன் முழங்கை வழியாக மணிக்கட்டு வரை மெதுவாக இழுத்தான். இருபத்தொன்றரை இருந்தது. இத்தனை வருசமும் இருபத்து நாலு என்று நினைத்தே வாங்கியிருந்தான்.