ஆசாரியார் வராத பொன்னுருக்கு

பொன் உருக்கவேண்டிய ஆசாரியார் வரமாட்டார் என்பது அந்த வீட்டில் தவமணிக்கு மட்டும்தான் தெரியும். வரவேண்டாம் என்று சொன்னதே அவள்தான். மகன் கஜதீபனின் கல்யாணப் பொன்னுருக்கு பத்து நாள் தள்ளிப்போய்விட்டதென்று ஜெர்மனியில் இருக்கும் அவருக்கு ஃபோன் அடித்துச் சொல்லிவிட்டு, சாமிப் படத்துக்கு முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமிக்கு அவளைத் தெரியும்.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் சனிக்கிழமை காலை பத்து மணி. சுபநேரம் பத்து இருபதிலிருந்து பதினொன்று பத்து வரை. வரவேற்பறையில் நிறைகுடம், குத்துவிளக்கு, முப்பது சொந்தக்காரர். அந்த நேரத்துக்குள் பவுண் உருகவேண்டும். அந்தப் பொன்னில்தான் ஓல்போர்க் நகரத்துப் பெண் தனுசியாவுக்குத் தாலி. பவுண் வைத்த தட்டத்தை மாப்பிள்ளையின் தாய்தகப்பன் தூக்கி மகனிடம் கொடுக்க, மகன் அதை ஆசாரியாரிடம் கொடுப்பது முறை. தகப்பன் தவராஜா செத்து நாலு வருசம். தாய் இருக்கிறாள், ஆனால் புருசன் இல்லாத தாய். ஆகவே தவராஜாவின் தமையன் தேவகுமாரும் பெண்சாதி யோகேஸ்வரியும் தட்டம் கொடுப்பதென்று தீர்மானமாகியிருந்தது. தீர்மானித்தது யோகேஸ்வரி. தேவகுமாருக்கு அது அறிவிக்கப்பட்டது.

“நீர் குசினியில நிண்டு பலகாரத்தைப் பாரும்,” என்று அவள் தவமணியிடம் அன்பாகத்தான் சொன்னாள். அவள் அன்பாகச் சொல்லும்போதுதான் கூடுதலாக நெஞ்சு பத்தும்.

தவமணிக்கு அந்தத் தட்டம் வேண்டும். கஜதீபன் பிறந்த வருசம் அவளும் தவராஜாவும் தையல் தொழிற்சாலையில் ஆளுக்கொரு முறைவேலை செய்தார்கள். ஒருவர் போக மற்றவர் வர, வாசலில் பிள்ளையைக் கைமாற்றுவார்கள். அப்படி உழைத்து வாங்கிய பவுண் அது. அதை யோகேஸ்வரி தூக்கிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு பயித்தம் பணியாரம் சுட அவளுக்கு மனமில்லை.

அதற்குத்தான் லியோனா. தவமணி செவ்வாய்க்கிழமைகளில் போகும் நகை வகுப்பை நடத்துகிறவள். கரீபியக் கடலில் சென்ட் குரோய் என்ற தீவில் பிறந்த கறுப்புப் பெண். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுபோய்க் கரும்பு வெட்ட விட்ட சனத்தின் வழி வந்தவள். அந்தத் தீவை டென்மார்க் நூறு வருசத்துக்கு முன் அமெரிக்காவுக்கு விற்றுவிட்டது. “தீவை வித்தீங்கள், என்னை மறந்திட்டீங்கள், அதுதான் விசாரிக்க வந்தனான்,” என்று முதல் வகுப்பிலேயே சொல்லி, வந்திருந்த டேனிஷ் கிழவிகளைத் தேநீர்க் கோப்பைக்குள் பார்க்கவைத்தவள். அவளுடைய தீவில் ஒரு கொக்கிக் காப்பு உண்டு. கொக்கியின் வாய் நெஞ்சைப் பார்த்தால் மனசில் ஆள் இருக்கு, வெளியே பார்த்தால் இடம் காலி. தவமணி முதன்முதலாகச் செய்தது கோணல்மாணலான ஒரு செப்புக் காப்பு. அதை நெஞ்சைப் பார்க்கப் போட்டுக்கொண்டு கோயிலுக்கும் போனாள். புருசன் இல்லாதவளின் கையில் காப்பைக் கண்டு இரண்டு கிழமை கோயிலில் வேறு கதை நடக்கவில்லை.

பத்து இருபத்தைந்துக்கு ஆசாரியாரைக் காணவில்லை என்று வீடு கலங்கத் தொடங்கியது. அவருடைய ஃபோன் நம்பர் தவமணியிடம் மட்டும்தான் இருந்தது. தவமணி ஒன்றும் தெரியாதவள்போல, தனக்கு ஒரு பொற்கொல்லப் பெண்ணைத் தெரியும், பக்கத்துத் தெருதான் என்றாள். காப்புச் செய்யக் காட்டின அந்த ஆப்பிரிக்காக்காரியா என்று யோகேஸ்வரி கேட்டாள். நெருப்புக்கு அது தெரியாது என்று தேவகுமார் சொன்னார். அவர் அந்த வருசம் சொன்ன துணிச்சலான வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு மனைவியைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்தார்.

பத்து நாற்பதுக்கு லியோனா காஸ் விளக்கும் பொன் உருக்கும் மண்குகையும் கொண்டு வந்தாள். சப்பாத்து கழற்றும் இடத்தில் தவமணி அவளை மறித்து, டேனிஷில் குசுகுசுத்தாள்.

“உங்கட ஆக்களின்ர வழக்கத்தில, பெத்த தாய்தான் பொன்னைக் குடுக்கோணும் எண்டு சொல்லு. இல்லாட்டிச் சாபம் எண்டு சொல்லு. நீ சொன்னா ஒருத்தரும் எதிர்க்கமாட்டினம்.”

“அப்படி ஒரு வழக்கம் இல்லை.”

“தெரியும். சின்னப் பொய்தானே.”

லியோனா ஒற்றைச் சப்பாத்தோடு நிமிர்ந்தாள். “என்ர சனத்தைப் பற்றி வெள்ளைக்காரர் சொன்ன பொய்யே எங்களுக்குக் காணும். நீயும் ஒண்டு சேர்க்காதே. நெருப்பு மூட்ட முதல் தண்ணி ஊத்தி, செத்தவையைக் கூப்பிடுவன். உண்மையான வழக்கம் அதுதான். மிச்சத்தை உன்ர வாயால சொல்லு.”

தவமணி குசினிக்குத் திரும்பிப் போனாள். கதவை மட்டும் சாத்தவில்லை.

லியோனா ஒரு செம்பில் தண்ணீர் கேட்டாள். ஊற்ற மண் வேண்டும் என்றாள். அந்த வீட்டுக்குள் மண் இருந்தது யன்னலோரக் கறிவேப்பிலைச் சாடியில் மட்டும்தான். அதன் முன் முழங்காலில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு தன் ஆட்களைக் கூப்பிட்டாள். தகப்பனை, தனக்குத் தொழில் காட்டின மாமியை, கப்பலிலிருந்து கடலில் எறியப்பட்டுப் பெயரே மிஞ்சாதவர்களை. உயிரோடு இருக்கிறவர்கள் போடுகிற நகையை அவர்கள்தான் காவல் காப்பார்களாம், கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொண்டு வெளியே நிற்பார்களாம். சொல்லி முடித்துத் திரும்பி, இந்த வீட்டில் செத்தது யார் என்று வானிலை கேட்பதுபோலக் கேட்டாள்.

யோகேஸ்வரிதான் முதலில் எதிர்த்தாள். நல்ல காரியத்தில் செத்தவர்களின் கதை என்னத்துக்கு, இதென்ன திவசமா என்றாள். சரியா பிழையா என்று கேட்கத் தேவகுமார் கோயில் ஐயருக்கு ஃபோன் அடித்துப் பார்த்தார். ஐயருக்குச் சனிக்கிழமை தொழிற்சாலையில் வேலை. தற்போது பேச முடியாது என்று ஒரு டேனிஷ் பெண்குரல் இனிமையாகச் சொன்னது. மணி பத்து ஐம்பத்தெட்டு. பெயரைச் சொல்லாவிட்டால் அவ விளக்கை மூட்டமாட்டாவாம் என்று கஜதீபன் மொழிபெயர்த்தான். விளக்கு மூட்டினால் கத்துமென்று புகை மணியைக் கூரையிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்தான், அதை எங்கே வைப்பதென்றும் அவனுக்குத் தெரியவில்லை.

தேவகுமார் தொண்டையைச் செருமினார். தம்பி தவராஜா, கோயில் நிர்வாகசபை உறுப்பினர், இருபத்தாறு வருசம் ஒரே தொழிற்சாலை, நல்ல மனிதர் என்றார். லியோனா செம்பைச் சரிக்கவேயில்லை. இது வேலைக்கு விண்ணப்பம் போடுவதுபோல இருக்கு, கூப்பிடுவதுபோல இல்லை என்றாள். அவரோடு படுத்து எழும்பினது யார் என்று கேட்டாள். கஜதீபன் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

தவமணி கையில் மாவோடு வெளியே வந்தாள். சாடிக்கு முன் குந்திச் செம்பை வாங்கினாள். பெயரைச் சொல் என்றாள் லியோனா. இருபத்தெட்டு வருசக் குடும்ப வாழ்க்கையில் புருசனின் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கொம்யூன் அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டால் கடுதாசியில் விரலை வைத்துக் காட்டுவாள். தண்ணீரைச் சரித்துக்கொண்டு, தொழிற்சாலையால் வருகிற மனிதனைக் குசினியிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

“இஞ்சருங்கோ.”

அறையில் இருந்த ஐந்தாறு ஆம்பிளைகள், வீட்டில் பெண்சாதி அதே சொல்லால் கூப்பிடுகிற பழக்கதோசத்தில் திரும்பிப் பார்த்தார்கள். தேவகுமார் பாதி எழும்பியும்விட்டார். யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கால் விட்டாள், பிறகு அறையே சிரித்தது. லியோனா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் பெயரா என்று கேட்டாள். அதுதான் என்றாள் தவமணி. லியோனா தலையைக் குனிந்து, “இஞ்சருங்கோ,” என்று பயபக்தியோடு தானும் கூப்பிட்டாள். அதைக் கேட்டதும்தான் தவமணிக்குக் கண் நிறைந்தது.

மணி பதினொன்று மூன்று. யோகேஸ்வரி தட்டத்தைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழும்பினாள். “காணும், நிப்பாட்டுங்கோ. ஆசாரியார் வந்திருந்தா இந்தக் கூத்து நடந்திராது.”

“நான்தான் அவரை வரவேண்டாமெண்டனான், அக்கா.”

ஆசாரியாருக்குச் சொன்ன பொய்யை அவள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். லியோனாவிடம் கேட்ட பொய்யையும் சொன்னாள். “ஒண்டும் சரிவரேல்ல. அதால நேரா கேக்கிறன். அது நானும் அவரும் உழைச்ச பவுண். தாங்கோ, நான் குடுக்கிறன்.”

யோகேஸ்வரியின் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. “பிள்ளைக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது? நாளைக்கு ஓல்போர்க்காரர் என்ன சொல்லுவினம்?”

“இவ்வளவு காலமும் அவனுக்கு நடந்த எல்லாத்துக்கும் நான்தானே பதில் சொன்னனான். காய்ச்சலுக்கும் சொன்னன், பள்ளிக்கூடத்துக்கும் சொன்னன், தகப்பன்ர செத்த வீட்டில அவன் கேட்டதுக்கெல்லாம் சொன்னன். ஓல்போர்க்காரருக்குமா சொல்லேலாது?”

தேவகுமார் சுவரில் ஒரு படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். கஜதீபன் புகை மணியை அவர் மடியில் வைத்துவிட்டு, தாய்க்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினான். “கெதியா, அம்மா,” என்றான் டேனிஷில்.

பெரியம்மாவின் பக்கம் அவன் திரும்பவேயில்லை. தட்டம் வைத்திருந்தவளுக்குக் கொடுக்க ஆளில்லை என்றாயிற்று. யோகேஸ்வரி அதைத் தவமணியின் கையில் வைத்தாள். வைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொள்ளவும் மறக்கவில்லை.

தவமணி கொடுத்தாள். தட்டத்து வெற்றிலையில் அவள் விரலின் மாவு ஒட்டியிருந்தது. மகன் வாங்கி லியோனாவிடம் நீட்ட, நீல நெருப்பு சீறியது. பவுண் காசில் இருந்த ராணி தலை முதலில் கரைந்தது, பிறகு விளிம்பு, பிறகு பவுண் என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் மஞ்சள் துளியொன்று குகைக்குள் நடுங்கிக்கொண்டு நின்றது. பதினொன்று எட்டு என்று தேவகுமார் நேரத்தை அறிவித்தார்.

உருகி ஆறிய பொன்னைத் தட்டில் வைத்து ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டார்கள். யோகேஸ்வரி கடைசியாக வந்து, கெட்ட சகுனமாக ஒரு வெடிப்பாவது தெரியாதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உருண்டையாகத்தான் வந்திருந்தது.

அடுத்தது தோட்டத்தில் கன்னிக்காலாக ஒரு மரக்கொப்பு நடவேண்டும். அதற்குப் பால் ஊற்ற முன்னுக்கு ஒரு சுமங்கலிப் பெண் நிற்கவேண்டும். எல்லாரும் யோகேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

“எனக்கு முழங்கால் நோகுது, குனியேலாது,” என்றாள், தவமணியைப் பார்க்காமல். “இவ்வளவு செய்திட்டீர். அதையும் நீரே செய்யும்.”