அழுத்தினாலும் மறையாத புள்ளிகள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மூத்திர டப்பாவிலிருந்து பிறந்தது.

சஸ்காச்சுவான் மாகாணத்தில் மூவாயிரம் பேர் இருக்கிற ஊர் எங்களுடையது. அதன் ஆஸ்பத்திரி லேபில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறேன். டப்பாவில் ஒட்டியிருந்த பெயரை மாற்றிவிட்டேன். அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், டாக்டரின் பெயர், எல்லாம் மாற்றியாயிற்று. விளையாட்டை மட்டும் மாற்ற முடியவில்லை. கால்பந்து என்று எழுதிப் பார்த்தேன், கதை படுத்துவிட்டது. ஐஸ் ஹாக்கி இல்லாவிட்டால் இந்தத் தப்பே நடந்திருக்காது.

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த நவம்பர் காலையில் லரிசா தன் மகளை…"

வேண்டாம். எங்கள் ஊரில் நவம்பரில் பனி கொட்டுவதை யாராவது செய்தி என்று சொல்வார்களா?

இரண்டாம் தொடக்கம்: "குழந்தைகளின் சிறு ரத்தக்குழாய்களில் வரும் அழற்சி, பெரும்பாலும் ஒரு சளிக்கோ தொண்டை வலிக்கோ பிறகு, கால்களில் தடிப்பாக…"

பாடப்புத்தகம். ஆனால் விஷயம் இதுதான் என்பதால் அழிக்காமல் விடுகிறேன்.

மூன்றாவது நின்றது. அதை லரிசாவின் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். அது தொடங்கியபோது நான் அங்கே இல்லை. பின்னால் அவள் சொன்னதுதான்.

3

பயிற்சி முடிந்து உடை மாற்றும் அறையில் லரிசா குனிந்து மகளின் காலுறையை உருவினாள். தெஸ்ஸாவுக்கு எட்டு வயது. கணுக்காலிலிருந்து மேலே ஊதாச் சிவப்பில் புள்ளி புள்ளியாக ஏறியிருந்தது.

"இது என்னடி?"

"தெரியலம்மா. அரிக்கல."

கோர்ட் எட்டிப் பார்த்தான். அப்பாவும் அவன்தான், கோச்சும் அவன்தான். "கால்ல கட்டுற பேடு உரசினது. அந்த ஹாக்கிப் பையைத் துவைச்சாத்தானே? நாறுது."

"பையைத் துவைக்கிறது என் வேலைன்னு எந்தச் சட்டத்துல போட்டிருக்கு?"

இரண்டு நாளில் கணுக்கால் வீங்கியது. ஸ்கேட் காலணியை இறுக்கிக் கட்டிவிட்டாள் என்றார்கள் மற்றவர்கள். சனிக்கிழமை காலை தெஸ்ஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மேட்ச் பயம் என்றார்கள். சரியாகத்தான் இருக்கும் என்று லரிசா தலையாட்டினாள். ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. போன வருஷம் மாகாண இறுதியாட்டத்துக்கே பயப்படாத பெண், ஒரு சாதாரண மேட்சுக்கா இப்படித் துடிப்பாள்?

(இந்த இடத்தில் கோர்ட்டை முரடனாக்கிவிடலாமா என்று ஆசை வந்தது. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் வாசகருக்கு நிம்மதி. ஆனால் அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் பேடுகளை வினிகரில் ஊறவைத்துக் கழுவிக் காயப்போட்டவன் அவன்தான். அந்தச் சனிக்கிழமை அரங்கில் நானும் இருந்தேன், காபியோடு. லரிசா என்னிடம் தெஸ்ஸாவின் காலைக் காட்டினாள். "பேடுதான்" என்று நானும் சொன்னேன். லேபில் பதினொரு வருஷம்! எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.)

4

ஞாயிற்றுக்கிழமை வாந்தி நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பணியில் இருந்தவர் டாக்டர் உடோ, நைஜீரியாவிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர்.

"பேடு உரசினது, டாக்டர். நாங்க வயித்துக்குத்தான் வந்தோம்," என்றான் கோர்ட்.

"பேடை எங்க கட்டுவீங்க?"

"முன்னாடி. முழங்கால்லேருந்து கீழ."

"பின்தொடையிலயும் இருக்கே. அங்க என்ன கட்டுறீங்க?"

கோர்ட் குனிந்து தெஸ்ஸாவின் பின்தொடையைப் பார்த்தான்.

டாக்டர் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துப் புள்ளிகள்மேல் வைத்து அழுத்தினார். "வெறும் சிவப்புன்னா அழுத்தினதும் வெளுக்கணும். இது போகல, பாருங்க. ரத்தம் குழாயை விட்டுக் கசிஞ்சு தோலுக்குள்ள நிக்குது. தடவிப் பாருங்கம்மா, மேடு தட்டும்."

லரிசா தடவினாள். மேடு தட்டியது. இத்தனை நாள் அந்தக் காலுக்கு உறை மாட்டிவிட்ட கை அது.

"காய்ச்சல்?"

"இல்ல. ரெண்டு வாரம் முன்னாடி தொண்டை வலி இருந்துச்சு."

"புள்ளி, மூட்டு வீக்கம், வயித்து வலி. மூணும் ஒரே வியாதிம்மா. ரத்தக்குழாய் அழற்சி."*

"நாங்க ஏன் இதைச் சேர்த்துப் பார்க்கல?" லரிசாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்க ஹாக்கியைப் பார்த்தீங்க. எனக்கு அந்த விளையாட்டே புரியாது. அதனால கால் மட்டும் தெரிஞ்சுது."

இந்த வியாதியில் சில சமயம் குடல் மடங்கும் என்று ஸ்கேனில் பார்த்தார்கள், மடங்கியிருக்கவில்லை. ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். "தடிப்பு போயிடும், வலியும் போயிடும். பயம் கிட்னிக்குத்தான். அது கெட்டா வலிக்காது, வெளிய தெரியவும் தெரியாது. ஆறு மாசத்துக்கு விடாம மூத்திரத்தைப் பார்க்கணும். தோல்தான் சுத்தமாயிடுச்சேன்னு விட்டுடாதீங்க."

* ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை எண்ணியது நான்தான். இயல்பாக இருந்தன. குறைந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

5

மூத்திரச் சோதனை முதலில் வாராவாரம், பிறகு மாதாமாதம். பிப்ரவரி வரைக்கும் ஒன்றுமில்லை. மார்ச்சில் வெளியூர்ப் போட்டிகள்.

"பளபளன்னு இருக்கா. ஒரு மாசம் விட்டா என்ன, குடியா முழுகிடும்?" என்றான் கோர்ட்.

லரிசா விட்டுக்கொடுத்தாள். ஏப்ரலிலும் அப்படியே ஓடிவிட்டது. (அவள் சண்டை போட்டதாக ஒரு வரைவில் எழுதினேன். போடவில்லை. களைத்துப்போயிருந்தாள்.)

6

மே மாதம் லரிசா டப்பாவோடு வந்தாள். இந்த இடத்துக்கு என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: சோதனைப் பட்டை மஞ்சளாகவே நிற்கிறது. தெஸ்ஸா அடுத்த பருவமும் ஆடுகிறாள். எழுத இருபது நிமிஷம் ஆனது.

இரண்டு: மஞ்சள் பச்சையாகிறது, கிட்னியிலிருந்து புரதம் கசிகிறது என்று அர்த்தம். நான்கு மணி நேரப் பயணம், நகரத்துச் சிறுநீரக டாக்டர், ஊசியால் எடுத்த கிட்னித் துணுக்கு, அதற்குப் பிறகு… இதைப் பாதியில் நிறுத்திவிட்டு டீ போடப் போனேன்.

நடந்தது இவ்வளவுதான். பட்டையை நனைத்தேன். ஒரு நிமிஷம் காத்திருந்தேன். பார்த்தேன். குறித்துக்கொண்டேன். லேப் ஆட்கள் முடிவைச் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். அது விதி. கதை எழுதுகிறேன் என்பதற்காக அதை மீற மாட்டேன்.

லரிசா லேப் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"நீ பார்த்துட்டல்ல?"

"டாக்டர் கூப்பிடுவாங்க, லரிசா."

"எப்பவும் அதைத்தான் சொல்ற. ஆனா பிப்ரவரி வரைக்கும் சிரிச்சுக்கிட்டே சொன்ன."

நான் சிரித்தது எனக்கே தெரியாது, சத்தியமாக. இப்போது சிரித்தால் முடிவைச் சொன்னதாகிவிடும். சிரிக்காவிட்டாலும் சொன்னதாகிவிடும்.

அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருந்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.