தெற்குக் கோல் சதுரம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்குள் தெற்குக் கோல் சதுரத்தின் புல்லைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்து முடித்துவிட்டார்கள். நொரீன் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து.

வாயிற்கதவு திறந்து கிடந்தது. முப்பத்தோரு வருடம் அங்கே பட்டாணி சூப்பும் இறைச்சி பஃப்ஸும் விற்றவளை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. அவள் வேலியோரமாகவே நடந்து தெற்கு முனைக்குப் போனாள். ஆஸ்திரேலியக் கால்பந்துக்கான கம்பங்கள் நான்கும் அப்படியே நின்றன. நடுவில் இரண்டு உயரமானவை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டையானவை. அவற்றின் முன்னால் புல் இல்லை. வெறும் மண் தெரிந்தது, ஈரமாக, நீள்சதுரமாக.

க்ளைவ் டன்ஸ்டன் புல்வெட்டும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக அந்த மைதானத்தின் புல்லுக்குப் பொறுப்பு அவர்.

"தாமதமா வந்துட்ட நொரீன். கோல் சதுரம் மொத்தமும் போயிடுச்சு. அஞ்சு மணிக்கே வரிசை கட்டி நின்னுட்டாங்க. நடு மைதானத்துல வேணா ரெண்டு துண்டு தர்றேன்."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"உறுப்பினர்களுக்குத்தான். ஞாபகார்த்தமாம். ஆளுக்கு ஒரு சதுர அடி. கூடவே சான்றிதழ். தட்டுல வெச்சு கேக் மாதிரி தூக்கிட்டுப் போறாங்க, பாக்கணும் நீ."

"வியாழக்கிழமைன்னு கடிதத்துல போட்டிருந்துச்சே."

"தோண்டுற வண்டி நேத்தே வந்துடுச்சு. ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வராதவனுங்க, இந்த வாட்டி மூணு நாள் முன்னாடி வந்து நிக்கிறானுங்க."

நொரீனின் கார் வெளியே நின்றது. பின்பெட்டியில் மண்வெட்டியும், மூடியுள்ள ஒரு வாளியும் இருந்தன. புதன்கிழமை விடியற்காலையில் தோண்ட வருவதாக இருந்தாள்; இன்று இடத்தைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு அவளும் கணவர் கீத்தும் இதேபோல ஒரு விடியற்காலையில் வந்தார்கள். வாயிலில் அப்போதும் அந்தப் பலகை இருந்தது: அஸ்தி தூவக் கூடாது. போர்ட் மெரிக்கில் பாதிப் பேர் சாகும்போது மைதானத்தில் தூவச் சொல்லிவிட்டுத்தான் செத்தார்கள். சாம்பல் விழுந்த இடமெல்லாம் புல் கருகி, வசந்தத்தில் மஞ்சள் திட்டுகளாகத் தெரியும். அதனால்தான் சங்கம் பலகை வைத்தது. கீத் உருக்காலையில் குழாய் பொருத்துநர். வேலையை வேலையாகச் செய்கிறவர். கோல் கோட்டிலிருந்து ஒரு எட்டு வைத்து, மூன்றடி நீளத்துக்குப் புல்லை வேரோடு பாய்போலத் தூக்கி, அடியில் மகன் ரோரியைப் பரப்பி, மறுபடி மூடி, காலால் மெதுவாக மிதித்துவிட்டார். தண்ணீர் ஊற்றினார். அந்த வசந்தத்தில் மஞ்சள் திட்டு எதுவும் வரவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

ரோரி முதல் அணிக்கு ஆடியது நான்கே ஆட்டம். அடித்தது ஒரே கோல். கம்பத்துக்கு ஒரு எட்டு தூரத்தில் பந்து கீழே கிடந்தது. இவன் கால் நுனியால் தட்டிவிட்டான். அன்று அணி அறுபது புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அந்தக் கோலை ஊரில் யாருக்கும் ஞாபகம் இருக்க நியாயமில்லை. இருபத்தேழு வயதில் இரத்தப் புற்றுநோயில் போனான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கீத் தெற்குக் கம்பங்களுக்குப் பின்னால் வேலியில் சாய்ந்துகொண்டு நின்றார். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அங்கேதான். ஊர் அணியான நீர்க்காகங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும், ஆட்டம் முடிந்ததும் வேலிக்கு மேலாகக் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு வருவார். என்ன சொல்கிறார் என்று நொரீன் கேட்டதில்லை. சூப்புப் பானையைக் கழுவிக்கொண்டே பார்ப்பாள்.

நீர்க்காகங்கள் நூற்றுப் பதினெட்டு வருடம் வட்டார லீக்கில் ஆடியவர்கள். பிளம்பர்கள், பள்ளி ஆசிரியர்கள், உருக்காலைக்காரர்கள். போன வருடம் மே மாதம் தேசிய லீக் அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. நகராட்சி மண்டபத்தில் உறுப்பினர் கூட்டம் நடந்தது. தலைவர் நிபந்தனைகளை வாசித்தார். புதிய கேலரி, விளக்குக் கோபுரங்கள், தேசியத் தரத்தில் ஆடுகளம். பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். உருக்காலையில் இரண்டு உலைகளை மூடிய பிறகு ஊருக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது.

ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். நொரீனின் கை தானாக மேலே போனது. கடைசி வாரத்தில்கூட ரோரி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "பெரிய லீக்குக்குப் போவோம்மா. நான் பாக்காட்டியும் நீ பாப்ப." அவனுக்காகவும் சேர்த்துத்தான் தூக்கினாள்.

எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது மண்டபம் முழுக்க ஒரே ஒரு கை.

"கீத், கக்கூஸ் அந்தப் பக்கம் இருக்கு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

மண்டபமே சிரித்தது. நொரீனும் சிரித்தாள். அதைத்தான் பிறகு அவளால் விழுங்க முடியவில்லை.

வீடு திரும்பும்போது காரில் கீத் சொன்னார்: "தோண்டுவாங்க நொரீன்."

"மைதானத்தை எதுக்குத் தோண்டப்போறாங்க? நாற்காலி போடுவாங்க, லைட்டு போடுவாங்க. புல்லுல என்ன இருக்கு?"

அரை மீட்டர் தோண்டி, குழாய் பதித்து, மணல் நிரப்பி, வெளியூரில் வளர்த்த புல்லைக் கொண்டுவந்து விரிப்பார்கள் என்று கடிதம் வந்தபோது அடுத்த வருட அக்டோபர் ஆகியிருந்தது. அதே வாரம் கீத் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார்.

"க்ளைவ், அடியில ஏதாவது இருந்துச்சா?"

"எதுக்கடியில?"

"கம்பத்துக்கு நேரா. ஒரு எட்டு தள்ளி."

க்ளைவ் யோசித்தார். "ஆமா. சாம்பல் நிறமா ஒரு படிவு. கோடு போட்ட பழைய சுண்ணாம்புன்னு நெனச்சேன்." குவளை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அவர் நொரீனைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்தார்.

"அதான் அன்னிக்குக் கீத் கையைத் தூக்கினானா."

அவள் தலையசைத்தாள்.

"சொல்லியிருக்கலாமே. எங்கிட்ட மட்டுமாவது."

"பலகை வெச்சதே நீங்கதானே க்ளைவ்."

வடக்கே தோண்டும் வண்டி பின்னால் நகரும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"அந்த இடத்துல மூணு துண்டு," என்றார் க்ளைவ். "ஒண்ணு லாய்ட் பாசெட் வாங்கிட்டுப் போனான், இரும்புக் கடை. இன்னொண்ணு அந்த நர்ஸ் பொண்ணு, படகுத்துறைத் தெருவுல இருக்காளே, கைக்குழந்தையோட வந்தா. மூணாவது..." தொப்பியைத் திருப்பினார். "தெரியல நொரீன். தெரியாத மூஞ்சி. வெள்ளை வண்டி."

"அதுக்கடியில இருந்த மண்ணு?"

"ஒரு லோடு போயிடுச்சு. நெடுஞ்சாலைக் கரைக்கு."

அன்று பிற்பகல் அவள் மருத்துவமனைக்குப் போனாள். அறுவை சிகிச்சை முடிந்த கீத்துக்கு மயக்க மருந்தின் கசப்பு இன்னும் வாயில் இருந்தது. பாதிச் சோறு தட்டிலேயே கிடந்தது.

"ஆரம்பிச்சுட்டாங்களா?"

"வடக்கு முனையிலதான் நிக்கிறாங்க," என்றாள். "தெற்குப் பக்கம் வர நாளாகும். நான் பாத்துக்குறேன்."

"ஆழமா எடு. வேர் கீழ இறங்கியிருக்கும்."

"சரி."

"வாளி எடுத்துட்டுப் போ. மூடி இருக்கறது."

"சரி கீத்."

ஒரு வாரம் கழித்து லாய்ட் பாசெட்டின் கடைக்குப் போனாள். ஏன் வந்தாள் என்று அவர் கேட்பதற்குள் புல்லைப் பற்றிக் கேட்டாள். லாய்ட் வெட்கத்தோடு சிரித்தார்.

"ஊர்ல சொல்லிடாத. வெயில்ல வெச்சது காஞ்சு போச்சு. ஒரே வாரம். நேத்து குப்பைத் தொட்டியில போட்டேன். காலையில வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சு." அவளுடைய முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு அவ்வளவு ஆசைன்னு தெரியாம போச்சே. சான்றிதழ் இருக்கு. ஃப்ரேம் போட்டிருக்கேன். அது வேணா எடுத்துக்கோ நொரீன். நிஜமாத்தான் சொல்றேன்."

அவள் நன்றி சொல்லிவிட்டு, எதுவும் வாங்காமல் போனால் நன்றாக இருக்காது என்று ஒரு பாக்கெட் ஆணி வாங்கிக்கொண்டு வந்தாள்.

படகுத்துறைத் தெரு வீட்டில் புல் உயிரோடு இருந்தது. கொல்லையில் துணி காயும் கம்பிக்குக் கீழே, மற்ற புல்லைவிடக் கரும்பச்சையாக ஒரு சதுரம். நான்கு மூலையிலும் ஐஸ்குச்சி நட்டு நூல் கட்டியிருந்தது. நர்ஸ் பெண் கைக்குழந்தையைத் தூங்கவைக்க உள்ளே போயிருந்தாள். நான்கு வயது மூத்த மகள் காவலுக்கு நின்றாள்.

"செருப்பைக் கழட்டணும்," என்றாள் குழந்தை.

"அப்படியா?"

"செருப்போட ஏறக்கூடாது. அப்பாகூடக் கழட்டுவாரு. நாய்க்கு அனுமதி இல்ல."

நொரீன் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து செருப்பைக் கழற்றினாள். நூலைத் தாண்டி ஒரு காலை வைத்தாள். சதுரத்தில் இரண்டு கால்களுக்குத்தான் இடம் இருந்தது. புல் குளிர்ச்சியாக இருந்தது. அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். கால் விரல்களை மடக்கி வேர்வரைக்கும் அழுத்தினாள்.

"போதும்," என்றது குழந்தை. "இப்ப என் முறை."

அவள் இறங்கிக்கொண்டாள். குழந்தை ஏறி நின்று, கையில் வைத்திருந்த சின்ன முட்டைப் பந்தைக் கால்மேல் போட்டு உதைத்தது. பந்து வேலியில் பட்டுச் செடிக்குள் போனது. "கோல்!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டது. நர்ஸ் பெண் வெளியே வந்து, "எதுக்கு வந்தீங்கன்னு கேக்கவே இல்லையே" என்றாள். நொரீன், புதிய பருவத்துக்கான உறுப்பினர் அட்டை வந்துவிட்டதா என்று கேட்க வந்ததாகச் சொன்னாள். வந்துவிட்டது என்றாள் அவள். வாளி காரிலேயே இருந்தது.

மூன்றாவது துண்டைத் தேட அவளுக்கு வழி தெரியவில்லை. சில நாட்கள் வெள்ளை வண்டிகளைப் பார்த்தாள். ஊரில் வெள்ளை வண்டிகள் ஏராளமாக இருந்தன.

கிறிஸ்துமஸுக்குக் கீத் வீட்டுக்கு வந்தார். இடுப்பு கூடவில்லை, சக்கர நாற்காலிதான். அவர் கேட்பார் என்று அவள் ஒவ்வொரு நாளும் பதில் தயாராக வைத்திருந்தாள். எடுத்துவிட்டேன், வாளியில் இருக்கிறான், ரோஜாவுக்கடியில் வைத்திருக்கிறேன். ஒரு நாள் ரோஜாவுக்கடியில் மண்ணைக் கிளறிக்கூட வைத்தாள். அவர் கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ரோஜாவைப் பார்ப்பார்; பிறகு பத்திரிகையைப் பிரிப்பார். அவர் ஊகித்துத் திருப்தியாகிவிட்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நாளாக ஆக அப்படி எடுத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

மார்ச் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, முதல் தேசிய ஆட்டம். பிற்பகல் இரண்டு மணி. பதினோராயிரம் பேர். ஊரில் அத்தனை பேர் இல்லை. சூப்புக் கடை இருந்த இடத்தில் ஒரு நிறுவனத்தின் பெண்கள் ஒரே மாதிரித் தொப்பி போட்டு வறுத்த உருளைக்கிழங்கு விற்றார்கள். போன வருடம்வரை முன்னணியில் ஆடிய பிளம்பர் வாயிலில் நின்று டிக்கெட் பார்த்தான். நொரீனைக் கண்டதும் சிரித்தான். "சூப்பு எங்க நொரீன்? அது இல்லாம தோத்துடுவோம்" என்றான். அணியில் இருந்த இருபத்திரண்டு பேரில் அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுமில்லை.

சக்கர நாற்காலிகளுக்குப் பக்கவாட்டில் நிழலான இடம் ஒதுக்கியிருந்தார்கள். கீத் வேண்டாமென்றார்.

"தெற்கே தள்ளு."

"வெயில் கீத்."

"தள்ளு."

கம்பங்களுக்குப் பின்னால் வேலியோரம் நிறுத்தி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். புல் கம்பளம்போல ஒரே நிறமாக இருந்தது. ஆதரவாளர்கள் ஒரு வாரம் உட்கார்ந்து ஒட்டிய காகிதப் பதாகையைக் கம்புகளில் தூக்கிப் பிடித்தார்கள். ஓட்டுவீட்டு உயரம் இருந்தது. ஆட்டக்காரப் பையன்கள் வழக்கப்படி அதைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். காற்று காகிதத் துண்டுகளை மைதானமெங்கும் இழுத்துப்போனது. நொரீனுக்கு ரோரி சொன்னது ஞாபகம் வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னபடிதான் எல்லாம் இருந்தது.

ஆறாவது நிமிடத்தில் பெர்த்திலிருந்து வாங்கி வந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பந்தைப் பிடித்தான். நாற்பது மீட்டர். ஓடிவந்து உதைத்தான். பந்து அவர்களை நோக்கிச் சுழன்று வந்து, இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவில் தலைக்கு மேலாகப் போனது. மொத்த மைதானமும் எழுந்தது. நொரீனும் எழுந்துவிட்டாள். அவள் வாயிலிருந்தும் சத்தம் வந்தது. பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண் அவளைக் கட்டிப்பிடித்தாள்.

கீத் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவள் குனிந்தாள். சத்தத்தில் கேட்கவில்லை, காதை அவருடைய வாயருகே கொண்டுபோனாள். அவர் மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் இப்ப யாரு வீட்ல இருக்கான், நொரீன்?"