மாப்பிள்ளை இருட்டாக இருக்கிறார்

திரையில் கல்யாணம் அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது, மாப்பிள்ளையைத்தான் காணவில்லை. ஆள் இருந்தார். கோட்டு இருந்தது, கோட்டுப் பையில் செருகிய பூ இருந்தது. முகம் மட்டும் இருட்டுக்குள் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணோ காதுத் தோட்டின் பொடிக்கல் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தாள்.

அந்தப் படத்தை வெட்டிக்கொண்டிருந்தவளை ஸ்டுடியோவில் எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். கேமராக்காரர் அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவதையெல்லாம் வெட்டி ஒட்டிக் கல்யாணமாக ஆக்கித் தருவது அவள் வேலை. பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை, ஒரு பழைய கணினி, முதுகு உடைந்த நாற்காலி. மண்டபத்தில் ஒரே நாளில் முடிகிற கல்யாணம் இவளுக்கு வாரக்கணக்கில் நடக்கும். எத்தனையோ குடும்பங்களின் கல்யாணத்தை அவர்கள் சொந்தக்காரர்களைவிட நன்றாகப் பார்த்தவள். ஒன்றுக்கும் நேரில் போனதில்லை. வாசலில் தொங்கும் போர்டில் கொட்டை எழுத்தில் 'எடிட்டிங் இலவசம்' என்று போட்டிருந்தது. அந்த இலவசம் இவள்தான்.

முதலாளி காபி டம்ளரோடு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"என்ன கத்திரி இது? மாப்பிள்ளை எங்க?"

"இருக்காரு சார். இருட்டா இருக்காரு."

"அதத்தான் அவங்க வீட்லயும் சொல்றாங்க. சாம்பிள் அனுப்பினேன்ல, பாத்துட்டு போன் பண்ணிக் கிழிச்சிட்டாங்க. 'எங்க பையனுக்குக் கல்யாணமா, அந்தப் பொண்ணு தனியா கட்டிக்கிட்டாளா'ன்னு கேக்கறாங்க."

கத்திரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இது யாரால் வந்த வினை என்று அவளுக்குத் தெரியும். பேரம் நடந்த அன்று அவள் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் இருந்தாள்.

பெண்ணின் அப்பா பெயிண்டர். வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். அன்று வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கை வரை சுண்ணாம்புப் புள்ளி, கையில் கழற்றிய தொப்பி. முதலாளி தொகையைச் சொன்னார்.

"ஒரு நாள் வேலைக்கு இவ்வளவா சார்?"

முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "அண்ணே, ஒரு நாள்னு நீங்க நினைக்கறீங்க. இந்தக் கேமரா கடன்ல வாங்கினது. கல்யாணமே இல்லாத மாசத்துலயும் தவணை கேட்டு நிப்பான். முகூர்த்தம்னு வந்தா எல்லாரும் ஒரே நாள்ல கூப்பிடறாங்க. அன்னிக்கு ஒருத்தருக்குத்தான் போக முடியும். அந்த ஒரு நாள்லதான் நான் சும்மா இருந்த நாளைக்கெல்லாம் சேத்து சம்பாதிக்கணும். நாளைக்கு டிஸ்க் கெட்டுப்போச்சுன்னா உங்க பொண்ணுக்கு மறுபடியும் கல்யாணம் பண்ணுவீங்களா? அதனால ரெண்டு காப்பி எடுத்து வைக்கணும். ரெண்டாவது கேமரா, மேல பறக்கற கேமரா, லைட்மேன், வண்டி, ஆல்பம். கூட்டிப் பாருங்க."

"எடிட்டிங்?"

"அது இலவசம்ணே."

அப்புறம் பெயிண்டர் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். பறக்கிற கேமரா போயிற்று. "மேலேர்ந்து பாத்தா எங்க மண்டபத்துல ஓட்டைத் தகரம்தான் தெரியும் சார்." ரெண்டாவது கேமரா போயிற்று. ஆல்பம் இளைத்து நோட்டுப் புத்தகம் ஆயிற்று. அப்போதும் கை எட்டவில்லை. கடைசியில் அவர் கேட்டார்.

"இந்த லைட்மேன் என்ன சார் செய்வாரு?"

"கேமரா போற பக்கம் லைட்டத் தூக்கிக்கிட்டுப் போவாரு."

"அவ்வளவுதானா! நான் வருஷம் முழுக்கக் கையத் தூக்கித்தான் சார் பொழப்பு நடத்தறேன். லைட்ட நானே பிடிச்சிக்கிறேன். அவர் கூலியக் கழிச்சிடுங்க."

முதலாளி சிரித்துவிட்டார். "பொண்ணோட அப்பாண்ணே நீங்க!"

"அதுக்கென்ன? நம்ம வீட்டு வேலைதானே."

இப்படித்தான் அந்தக் கல்யாணத்தில் பெண்ணின் அப்பா கையில் லைட் வந்தது. கத்திரி அப்போது இதைப் பெரிய தமாஷாகத்தான் நினைத்தாள்.

முதலாளி டம்ளரைக் காலி செய்துவிட்டு, "மாப்பிள்ளைய வெளிச்சமாக்கு. அந்தப் பொண்ணு வர்ற திங்கக்கிழமை புருஷனோட வெளியூர் போகுதாம். அதுக்குள்ள முடி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் படத்தை முதலிலிருந்து ஓட்டினாள். இந்தத் தடவை கல்யாணத்தைப் பார்க்காமல் வெளிச்சத்தை மட்டும் பார்த்தாள்.

பெண் மண்டபத்துக்குள் வந்ததும் வெளிச்சம் அவள் முகத்தில் போய் உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. கேமரா மாப்பிள்ளை பக்கம் திரும்புகிறது, வெளிச்சம் திரும்பவில்லை. "அண்ணே, மாப்பிள்ளை மேல, மாப்பிள்ளை மேல" என்று கேமராக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது பதிவாகியிருந்தது. வெளிச்சம் திடுக்கிட்டு மாப்பிள்ளை மேல் தாவும். மரியாதைக்குக் கொஞ்சம் நிற்கும். அப்புறம் நைசாக நழுவித் தன் இடத்துக்கே வந்துவிடும். கத்திரி முதலில் வாய்விட்டுச் சிரித்தாள்.

பெண் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடம் வந்தது. வெளிச்சம் மெல்ல நடுங்க ஆரம்பித்தது. கை வலியாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படி இல்லை. கையெழுத்து முடிந்து பெண் நிமிர்ந்து, கேமராவைப் பார்க்காமல், கேமராவுக்குப் பக்கத்தில் சற்று மேலே பார்த்தாள். உதடு கோணிற்று. அந்த நேரம் வெளிச்சம் பட்டென்று கீழே விழுந்து எழுந்தது. யாரோ தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரி.

கத்திரி ஓட்டத்தை நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் எத்தனை அப்பாக்கள் கேமராவைப் பார்த்து அழுதிருக்கிறார்கள், அதையெல்லாம் அவளே பாட்டுப் போட்டு ஒட்டியிருக்கிறாள். ஓர் ஆள் கண்ணிலேயே படாமல், வெறும் வெளிச்சத்தை வைத்து இப்படி அழ முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

சாயங்காலம் இருட்டியதும் பெண்ணை வழியனுப்புகிற காட்சி. வண்டி கிளம்பியதும் கேமரா வாசலில் நின்றுவிட்டது. வெளிச்சம் நிற்கவில்லை. வண்டியின் பின்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போயிற்று, பெட்டிக்கடையைத் தாண்டிற்று, திருப்பம் வரை போயிற்று. வண்டி மறைந்த பிறகும் வெறும் சுவரில் ஒரு வட்டமாக நின்றது. அவள் அதையே திரும்பத் திரும்ப ஓட்டினாள். எடுத்த யாரும் நினைத்து எடுக்காதது, காசு கொடுத்தாலும் கிடைக்காதது, தன் கைக்கு வந்திருக்கிறதே என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

லைட்மேன் படத்தில் வரவே இல்லையா? ஓர் இடத்தில் வந்தார். குடும்பமாக மேடையில் நிற்கிற காட்சி. "பொண்ணோட அப்பா எங்க? வாங்க வாங்க" என்று குரல் கேட்கிறது. வெளிச்சம் குழப்பத்தோடு அங்கும் இங்கும் அலைந்து, கடைசியில் ஒரு நாற்காலியில் சாய்ந்து தரையைப் பார்த்தது. பெயிண்டர் தலையைக் கோதிக்கொண்டு ஓடி வந்து மகள் பக்கத்தில் நின்றார். பிடிக்க ஆள் இல்லாத லைட் நாற்காலிக் காலுக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. படம் முழுக்க இருட்டு.

கத்திரி அந்தக் காட்சியோடு மல்லுக்கட்டினாள். வெளிச்சத்தை ஏற்ற ஏற்றப் புள்ளி புள்ளியாக வந்ததே தவிர முகம் வரவில்லை. பல் மட்டும் வந்தது. மனுஷர் நன்றாகச் சிரித்திருக்கிறார்.

மாப்பிள்ளையை ஒவ்வொரு காட்சியாகத் தூக்கி வெளிச்சமாக்கினாள். ஏற்கனவே ஒரு தடவை முடித்த வேலை. மறுபடி செய்ததற்கு அவளுக்குத் தனியாகக் காசு கிடையாது. முதலாளி வந்து பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். குடும்பக் காட்சி வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, கொசு மொய்க்கற மாதிரி? வெட்டு."

"பொண்ணோட அப்பா சார். அவர் வர்ற ஒரே இடம்."

"தெரியுதும்மா. நம்ம பேரப் போட்டு வெளிய போற படம். இதப் பாத்துட்டு அடுத்தவன் நம்மகிட்ட வருவானா? வெட்டு."

வெட்டினாள்.

பெயிண்டர் பாக்கிப் பணத்தோடு வந்தார். கசங்கிய நோட்டுகளை நீவி நீவி மேஜையில் வைத்தார். முதலாளி எண்ணி முடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணே, இதுல கரெக்ஷன் வரலியே."

"அது என்ன சார்?"

"நீங்க லைட்டத் தப்பாப் பிடிச்சிட்டீங்க. எல்லாத்தையும் சரி பண்ண வேண்டியதாப் போச்சு. அதுக்குத் தனி சார்ஜ் உண்டு."

பெயிண்டருக்குக் கோபம் வரும் என்று கத்திரி தடுப்புக்குப் பின்னால் காத்திருந்தாள். வரவில்லை. தப்பு செய்த பிள்ளை மாதிரி தொப்பியைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியல சார். அவளையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன் போல."

"காசு இல்லன்னா பரவாயில்லண்ணே. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு பெரிய கல்யாணம். என் லைட்மேன் வேலைய விட்டு நின்னுட்டான். நீங்க வந்து பிடிங்க, அதுல கழிச்சிக்கலாம். முடிச்சிட்டு மறுநாள் காலைல வந்து படத்த வாங்கிக்கங்க."

"மறுநாள் சாயங்காலம்தான் சார் பொண்ணு கிளம்பறா. அதுக்குள்ள கையில கிடைச்சிடும்ல?"

"கண்டிப்பா."

போகும்போது தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, "நீங்கதான் வெட்டறவங்களா தங்கச்சி? நல்லா வந்திருக்கா?" என்று கேட்டார்.

"அருமையா வந்திருக்குண்ணே."

"நானும் மேடையில வந்து நின்னேன். அது இருக்கா?"

கத்திரி ஒரு கணம் திரையைப் பார்த்தாள். "இருக்குண்ணே" என்றாள்.

சொன்ன வாயை மூடுவதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. படம் முடிந்து ஸ்டுடியோவின் பெயரும் போன் நம்பரும் வந்து மறையும் இடத்துக்கு அப்பால், கறுப்பாகக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அந்தக் குடும்பக் காட்சியைக் கொண்டுபோய் ஒட்டினாள். தன் ஸ்டுடியோ பெயர் வந்ததும் முதலாளி எழுந்துவிடுவார், அதற்கு அப்பால் பார்க்க மாட்டார்.

ஞாயிறு கழிந்த காலையில் பெயிண்டர் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கத்திரி நேற்றைய கல்யாணத்தைத் திறந்தாள். பணக்காரக் கல்யாணம், மேடை முழுக்கப் பூ. வெளிச்சம் ஆணி அடித்த மாதிரி மாப்பிள்ளை முகத்தில் நின்றது. ஆடவில்லை, அசையவில்லை. மாப்பிள்ளை நடந்தால் நடந்தது, குனிந்தால் குனிந்தது. ஒரு நாளில் தொழில் கற்றுவிட்டாரே மனுஷர் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மேடையில் குடும்பம் நின்றது. எல்லோருக்கும் பின்னால், ஓர் ஓரத்தில், கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி யாரோ ஒருவர் வந்து ஒண்டினார். பெண்ணின் அப்பாவாக இருக்க வேண்டும். பெண் அவர் கையைத் தேடிப் பிடித்தாள். உடனே வெளிச்சம் மாப்பிள்ளையை விட்டது. அவசரமே இல்லாமல், நன்றாகத் தெரிந்துகொண்டே, வரிசையைத் தாண்டிப் போய் அந்த அப்பாவின் முகத்தில் நின்றது. "அண்ணே! மாப்பிள்ளை!" என்று கேமராக்காரர் சீறினார். வெளிச்சம் கேட்கவில்லை. அந்த அப்பா கூச்சத்தோடு கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்குப் பின்னால் இருப்பது யார் என்று தெரியாமலே, அதைப் பார்த்துச் சிரித்தார்.

கத்திரி படத்தை அங்கேயே நிறுத்தினாள். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரா?" முதலாளி பின்னால் வந்து நின்றிருந்தார். "பெரிய இடம் கத்திரி. இத அப்படியே குடுத்தா என்னை உரிச்சிடுவாங்க. இதுக்கும் கரெக்ஷன் உண்டுன்னு அவர்கிட்ட சொல்லு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரட்டும், அப்புறம் படத்த வாங்கிக்கட்டும்."

"அவர் பொண்ணு இன்னிக்குக் கிளம்புது சார்."

"அதுக்கு நான் என்ன பண்ண? நீ இத சும்மா சரி பண்ணுவியா?"

"பண்றேன் சார்."

"சும்மாவா?"

"சும்மாதான். போர்டுலயே போட்டிருக்கே சார்."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன் இஷ்டம். மதியத்துக்குள்ள முடி" என்று திரும்பிப் போனார்.

கத்திரி பென் டிரைவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பெயிண்டர் அதை இடது கையால் வாங்கினார். நேற்று முழுக்க லைட் பிடித்த வலது கை தோளுக்கு மேல் ஏற மறுத்தது.

"நேத்து லைட்டு சரியா விழுந்துச்சா தங்கச்சி? முதலாளி ஏதாவது சொன்னாரா?"

"நல்லாப் பிடிச்சிருக்கீங்கன்னாருண்ணே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "படத்தக் கடைசி வரைக்கும் பாருங்க. எங்க பேர் வந்ததும் நிறுத்திடாதீங்க. கறுப்பா ஓடும், பொறுமையா இருங்க."

"அதுல என்ன?"

"நீங்கதான். கொஞ்சம் இருட்டா இருப்பீங்க."

"இருட்டாத்தானே இருக்கும்" என்று அவர் சிரித்தார். "லைட் பிடிக்க ஆள் இல்லையே." சட்டைப் பையில் போட்டு, மேலே கையை அழுத்திக்கொண்டு வேகமாகப் படி இறங்கினார்.

அவள் உள்ளே வந்து உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த அப்பா இன்னும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு திரையில் நின்றிருந்தார். முதலில் மாப்பிள்ளையை வெளிச்சமாக்கினாள். பிறகு அந்த அப்பாவின் முகத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். சிரித்த முகம் மாறாமல் அவர் இருட்டுக்குள் போனார்.