கோணச்சால்

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் என் வீட்டுக்காரர் சென்னியப்பனைப்போல் நேராக ஏர் ஓட்ட ஆள் கிடையாது. கயிறு பிடித்த மாதிரி மேட்டிலிருந்து பள்ளம்வரை உழவுச்சால் போகும். அந்தப் பெருமையில்தான் எங்கள் மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு நாசமாய்ப் போய்க்கொண்டிருந்தது. எழுபத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழை, அந்தச் சால் வழியாகவே இறங்கி மேல்மண்ணை ஓடைக்கு வாரிக்கொண்டு போனது. அங்கங்கே பாறை தெரிந்தது. எங்களுக்கு வேறு காடு இல்லை.

ஓரிடத்தில் மட்டும் மண் அப்படியே இருந்தது. காட்டுக் கோடியில், மாடு திரும்புவதற்காக விட்டுவைத்துக் கடைசியில் குறுக்கே உழும் இடம்.

"ஏனுங்க, காடு பூராவும் இப்பிடியே குறுக்கால உழுதுருங்க."

"சரிவு வளையற பக்கமெல்லாஞ் சாலும் வளையும். ஊரு சிரிக்காதா புள்ள?"

"சிரிக்கட்டும். இன்னொரு மழை பேஞ்சா பாறையிலதான் வெதைக்கோணும்."

இரண்டு நாள் ஏரைத் தொடாமல் வீம்பு பிடித்தார். மூன்றாம் நாள் ஏரைப் பூட்டினார். சரிவில் மேலே ஏறாமல் கீழே இறங்காமல், சால் போகவேண்டிய தடத்துக்கு நான் சாம்பல் தூவிக்கொண்டு முன்னால் நடந்தேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் உழுதார்.

மேல்காட்டு அப்புசாமி வரப்பில் நின்று சிரித்தார். "ஏப்பா, மாடு கள்ளு குடிச்சுப்போட்டுதா?"

கடலை விதைத்த நாலாம் நாள் மழை பிடித்தது. விட்டதும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு சாலிலும் தண்ணீர் நின்று ஊறிக்கொண்டிருந்தது. மண் நகரவில்லை. மேல் நாலு சால்களை மட்டும், நேராக உழுதிருந்த அப்புசாமி காட்டுச் செம்மண் வந்து மூடியிருந்தது. அதில் போட்ட விதை போனது போனதுதான். ஆனாலும் அங்கேயே நின்று சத்தமாகச் சிரித்தேன்.

மறுநாள் அப்புசாமி வண்டியும் கூடையுமாக வந்தார்.

"எம்பட மண்ணு உங்க காட்டுல கெடக்குது. அள்ளிக்கறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார்:

"தாராளமா அள்ளிக்குங்க மாமா. அப்பறம் மறுக்காவும் நேராவே உழுங்க. அடுத்த மழைக்கு எங்களுக்குத்தானுங்க வரும்."

அப்புசாமி தன் காட்டை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கூடையைக் கீழே வைத்தார்.

"ஏனம்மா கமலாத்தா, சாம்பல் மிச்சமிருக்குதா?"