குடிலுக்குப் புல்

டெய்சியின் புல்லைப் பார்த்தாலே லதாவுக்கு வயிறு எரிந்தது. பார்க்காமல் இருக்கலாம்தான். ஆனால் சயனைட் மேட்டின் உச்சியில் பார்க்க வேறு என்ன இருக்கிறது? மற்றதெல்லாம் வெள்ளை மண்.

தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கல்லை அரைத்து, சயனைட் விட்டுத் தங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சாம்பியன் ரீப்ஸ் பக்கம் கொட்டியே அந்த மேடு வளர்ந்தது. காற்றடித்தால் அந்தத் தூசி ஊராரின் சோற்றில் விழும். அதை அடக்க அருகம்புல் பிடிக்குமா என்று பார்க்க, ஒரு நிறுவனம் மேட்டின் தலையில் இரண்டு பாத்தி போட்டது. ஒன்று லதாவிடம், மற்றது டெய்சியிடம். பொங்கலுக்குப் பிறகு பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். எந்தப் பாத்தி நன்றாகப் பிடித்திருக்கிறதோ அதே முறையில் மேடு முழுக்கப் புல். அதை வளர்த்தவள்தான் மேஸ்திரி. மற்றவள் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டுக்குப் போவது என்றால் லதாவுக்கு மறுபடியும் இருட்டோடு எழுந்து பெங்களூர் ரயிலில் நசுங்கி, கார்மெண்ட்ஸ் மிஷினில் குனிவது. டெய்சிக்கு அப்படியா? புருஷனுக்குப் பெமல் கம்பெனியில் வேலை. இவளுக்கு இந்த மேஸ்திரி வேலை எதற்கு? கேட்டால், "சும்மா வீட்ல குந்திக்கினு இன்னா பண்றது, லதா" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் லதாவால் தாங்க முடியவில்லை.

வாரா வாரம் அவரவர் பாத்தியில் அளவு பார்க்கவேண்டும். இரும்புச் சட்டத்தைப் பாத்தியில் எறிந்து, சதுரத்துக்குள் புல் எவ்வளவு, வெறும் மண் எவ்வளவு என்று சொல்லவேண்டும். வேலை கற்றுக்கொடுத்த நிறுவனத்துப் பையன் பரத் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வான்: "நேரா மேல நின்னு குனிஞ்சு பாருங்கக்கா. சாஞ்சு பாத்தா புல்லு பொய் சொல்லும்."

லதா தன் பாத்தியில் அப்படித்தான் பார்த்தாள். நெற்றி தரையைத் தொடுகிற அளவு குனிந்து, இலைக்கு இலை நடுவில் தெரிகிற ஒவ்வொரு வெள்ளைப் பொட்டையும் கண்டாள். பிறகு நிமிர்ந்து, தூரத்தில் டெய்சியின் பாத்தியைப் பார்ப்பாள். ஒரு இடைவெளி கிடையாது. பச்சை விரிப்பு. அங்கே போய் எட்டிப் பார்க்க அவளுக்கு ரோஷம் விடவில்லை. போனால் அந்தப் பாழாய்ப்போனவள் சிரிப்பாளே!

டிசம்பர் பிறந்தது. மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் லதாவின் பக்கத்து வீட்டு டைட்டஸ்தான் கோவிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவர். இந்த வருஷம் மழை ஏய்த்துவிட்டது. குடிலில் விரிக்கப் புல் கிடைக்கவில்லை என்று புலம்பினார்.

லதாவின் வாய் அவளைக் கேட்காமலே பேசியது. "மேட்டு மேல கீதே, டைட்டஸ் அண்ணா. ரெண்டு பாத்தி."

"அய்யோ, சயனைட் மண்ணும்மா அது."

"குடில்ல நிக்கிற மாடு இன்னா, புல்லைத் துன்னவா போவுது?"

டைட்டஸ் சிரித்துவிட்டார். "எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"அந்தப் புல்லு வேலை முடிஞ்சுபோச்சு," என்று கூசாமல் புளுகினாள். "ஒண்ணை எடுத்துக்கோங்க. எது நல்லா கீதோ அதை எடுங்க."

டெய்சியின் பெயரை அவள் சொல்லவில்லை. டைட்டஸும் டெய்சியும் ஒரே கோவில். பெயரைச் சொன்னால் டைட்டஸ் தொடமாட்டார். சொல்லத் தேவையும் இல்லை, கண்ணிருக்கிறவனுக்குத் தெரியாதா எது நல்லதென்று? அன்று லதா நன்றாகத் தூங்கினாள்.

இரண்டு நாள் கழித்து மேடேறியவள் அப்படியே நின்றுவிட்டாள். டெய்சியின் பச்சை அங்கேயே இருந்தது. லதாவின் பாத்திதான் பாய் சுருட்டியது மாதிரி வேரோடு உரிக்கப்பட்டு, வெள்ளையாகக் கிடந்தது.

உடனே டைட்டஸுக்குப் போன் போட்டாள். "ஏண்ணா, எதை எடுத்தீங்க?"

"நீ சொன்னதைத்தாம்மா. ரெண்டையும் பக்கத்துல போய்ப் பாத்தோம். அந்தாண்ட இருக்கிறது தூரத்துல பாக்கத்தான் பச்சை, கிட்ட போனா பூரா சொட்டை. இந்தாண்ட இருக்கிறது கம்பளி மாதிரி இன்னா ஜோரு! எங்க வூட்டு அமலா கூட வந்து பாத்துட்டு, யாரு வளத்தாங்களோ மகராசின்னா."

லதா போனை வைத்தாள். முதல்தடவையாக டெய்சியின் பாத்திக்கு நடந்தாள். நேராக மேலே நின்று குனிந்தாள். இலைகளுக்கு நடுவே உள்ளங்கை உள்ளங்கையாக வெள்ளை மண். லதா வளர்த்த புல்லில் பாதிகூட இங்கே இல்லை.

பின்னால் காலடிச் சத்தம். டெய்சி, உரிந்த பாத்தியைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். "எவன் பண்ண வேலை லதா இது? கைல புழு வைக்க! நான் வுடமாட்டேன். வா, பரத்து கிட்ட போவலாம். என் பாத்தியில பாதியை வேணா உரிச்சு உன்னுதுல வெச்சுடலாம், வேர் பிடிச்சுக்கும்." பேசப் பேச டெய்சியின் கண் கலங்கிவிட்டது.

இவளால் எப்படி அடுத்தவளுக்காக இப்படி அழ முடிகிறது? அந்த நிலைமையிலும் லதாவுக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.